புது ஃபீல்டு சேர்த்த ஃபைலுக்குப் பழைய ரெக்கார்டுகளை ஏற்றுவது: ஒரே வரி போதுமா?

கேள்வி · மார்ச் 3, இரவு 8:15

ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் ஓடும் டிபிஎஃப் (அட்டவணை) ஃபைல் ஒன்று. 14 ஃபீல்டு, அதாவது பத்திகள். இன்னும் 5 சேர்க்க வேண்டும், இரண்டின் பெயரை மாற்ற வேண்டும், ஒன்றிரண்டின் அகலத்தைக் குறைக்கலாம் என்றும் எண்ணம். புதுக் கட்டமைப்பில் காலி ஃபைல் உருவாக்கி, பழைய ஃபைலின் ரெக்கார்டுகளை (வரிகளை) அதில் ஏற்றும் 'அப்பெண்ட் ஃபிரம்' கட்டளை கொடுத்தேன். பழையதில் எத்தனை ரெக்கார்டோ புதியதிலும் அத்தனை. வேலை முடிந்தது என்பது என் கட்சி. கூட வேலை செய்பவர், ஒவ்வொரு ஃபீல்டாகப் புரோகிராம் எழுதித்தான் நகர்த்த வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். யார் சொல்வது சரி?

மார்ச் 3, இரவு 9:40

உங்கள் கட்சிதான். ஒரே வரி போதும். அப்பெண்ட் ஃபிரம் ஃபீல்டின் பெயரை வைத்துத்தான் பொருத்தும், வரிசையைப் பார்க்காது. புது ஃபீல்டை நடுவில் நுழைத்தாலும் கடைசியில் வைத்தாலும் அதற்குக் கவலை இல்லை. பழையதில் இல்லாத ஃபீல்டு புதியதில் காலியாக நிற்கும். இதற்குப் போய் ஒவ்வொரு ரெக்கார்டாக நகர்த்தும் லூப் எழுதுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரி.

மார்ச் 3, இரவு 10:05

படுக்கப் போகும் முன் ஒரு திருத்தம். "இரண்டின் பெயரை மாற்ற வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள், வேகத்தில் தாண்டிவிட்டேன். பெயரை வைத்துப் பொருத்தும் என்றால் பெயர் பொருந்தாததைத் தொடவே தொடாது. பிழைச் செய்தி வராது. எச்சரிக்கை வராது. 'ஃபோன்' என்று இருந்ததைப் புதியதில் 'மொபைல்' என்று வைத்திருந்தால் அந்தப் பத்தி முழுக்கக் காலி. ரெக்கார்டு எண்ணிக்கை மட்டும் அட்டகாசமாகப் பொருந்தும். கவர் எண்ணிக்கை சரி, கவருக்குள் கடிதம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

ஃபாக்ஸ்புரோவுக்கு முன்னோடியான டிபேஸ் காலத்தில் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு: பெயர் மாற்றம் ஒரு சுற்று, அகல மாற்றம் இன்னொரு சுற்று, இரண்டையும் ஒன்றாகச் செய்யாதே. ஃபைலின் கட்டமைப்பை மாற்றும் 'மாடிஃபை ஸ்ட்ரக்சர்' கட்டளை உள்ளுக்குள் செய்வதும் இதே வேலைதான். பழையதை பேக்கப்பாக ஒதுக்கிவிட்டு, புதுக் கட்டமைப்பை உருவாக்கி, பேக்கப்பிலிருந்து ஏற்றும். பெயரையும் அகலத்தையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது எதுவாக மாறியது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

சரி, நாளைக்கு.

மார்ச் 4, காலை 7:20

காலையில் என்னை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். "ஒரே வரி போதும்" என்று நேற்று எழுதிய இதே ஆள், ஒரு காலத்தில் அந்த ஒரே வரியால் ரத்த தானம் செய்வோர் பட்டியல் ஒன்றைக் கெடுத்தவன்.

ஒரு தன்னார்வக் குழுவின் பட்டியல் அது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். கடைசியாகக் கொடுத்த தேதி, இரவில் கூப்பிடலாமா, மாற்று எண் என்று சில ஃபீல்டுகள் சேர்க்கச் சொன்னார்கள். ரத்தப் பிரிவுக்கு ஏற்கெனவே ஆறு இடம் இருந்தது. ஃபைலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். கண்ணில் பட்டதெல்லாம் ஏ+, பி+, ஓ+, எப்போதாவது ஏபி+. மிஞ்சிப் போனால் மூன்று இடம், ஆறு எதற்கு என்று மூன்றாகக் குறைத்தேன். அப்பெண்ட் ஃபிரம். எண்ணிக்கை சரி. டீக்குப் போய்விட்டேன்.

பட்டியலில் சிலர் ஏபியின் உட்பிரிவோடு எழுதியிருந்தார்கள். ஏ1பி+, ஏ2பி− என்று. ஆங்கிலத்தில் அடித்தால் நான்கு இடம். அகலமான எழுத்து ஃபீல்டைக் குறுகிய ஃபீல்டில் ஏற்றினால் வலது ஓரம் வெட்டுப்படும், சத்தமே இருக்காது. ஏ1பி+ம் ஏ1பி−ம் இரண்டுமே ஏ1பி ஆகிவிட்டன. போனது ஒரே ஒரு எழுத்து. ஆனால் பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்வதே அந்த எழுத்துதான்.

இதில் வேடிக்கை, ஓ+விஇ என்று நீட்டி எழுதியவை ஓ+வி என்று அரைகுறையாக நின்றன. பார்க்க அசிங்கம், ஆனால் கூட்டல் குறி பிழைத்தது. ஏ1பி பார்க்கச் சுத்தமாக இருந்தது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஃபோன் செய்து ஆள் திரட்டும் பெண் ஒருவர், "அண்ணா, இந்த ஏ1பி பிளஸ்ஸா மைனஸா?" என்று கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தேடிப் பார்த்தால் 23 பேர்.

எண் ஃபீல்டாக இருந்திருந்தால் கொள்ளாத இடத்தில் வரிசையாக நட்சத்திரம் போட்டுக் காட்டிக்கொடுத்திருக்கும். எழுத்து ஃபீல்டு வெட்டிவிட்டு அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: "ஒன்றிரண்டின் அகலத்தைக் குறைக்கலாம்" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். குறைத்தே தீர வேண்டும் என்றால், அந்த ஃபீல்டில் வலது பக்க இடைவெளியை நீக்கிய பிறகு மிக நீளமான மதிப்பு எவ்வளவு என்று ஃபைலையே கேளுங்கள். கண்ணால் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது.

மார்ச் 4, மதியம் 1:30

"ஏன்தான் குறைத்தீர்கள், டிஸ்க்கில் இடம் இல்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். இரண்டாயிரம் ரெக்கார்டு, ஒன்றுக்கு மூன்று பைட். ஆறாயிரம் பைட் மிச்சம் பிடித்தேன். இந்தப் பக்கமே அதைவிடப் பெரியது.

மார்ச் 4, இரவு 11:10

பேக்கப் இல்லையா என்ற கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது. இருந்தது. அந்தக் கதை இன்னும் கேவலம்.

முதலில் புது ஃபைல் உருவாக்கி ஏற்றினேன் என்று காலையில் எழுதியது முழுக்கச் சரி இல்லை. யோசித்துப் பார்த்தால், பழைய ஃபைல் மேலேயே மாடிஃபை ஸ்ட்ரக்சர் போட்டுத்தான் அகலத்தைக் குறைத்தேன். ஃபாக்ஸ்புரோ அப்போது பழையதை .பிஏகே என்று எடுத்து வைக்கும். மெமோ ஃபீல்டு (நீளமான குறிப்பு வைப்பது) இருந்தால் அதற்குத் தனியாக .டிபிகே. அதாவது முழு ஆறு இடத்தோடு நல்ல பிரதி கையிலேயே இருந்தது.

23 பேர் என்று தெரிந்ததும் பதறிப்போய் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? மாடிஃபை ஸ்ட்ரக்சரைத் திறந்து மூன்றை மறுபடி ஆறாக்கினேன். அகலத்தைத் திருப்பிக் கொடுத்தால் எழுத்தும் திரும்பி வரும் என்று மூளை எங்கோ நம்பியிருக்கிறது. வரவில்லை. அதோடு, அந்த இரண்டாவது மாற்றம் தன் பங்குக்கு ஒரு .பிஏகே எழுதியது, அதே பெயரில், முதல் .பிஏகே மேலேயே. வெட்டுப்பட்ட ஃபைலுக்கு வெட்டுப்பட்ட பேக்கப்.

அன்றிலிருந்து எந்தக் கட்டமைப்பு மாற்றத்துக்கும் முன்பு ஃபைலை வேறு பெயரில், வேறு ஃபோல்டரில், நானே கையால் காப்பி செய்து வைக்கிறேன். மெமோ இருந்தால் .டிபிடி அல்லது .எஃப்பிடி ஃபைலையும் சேர்த்து. பழைய டிபேஸ் வகை டிபிஎஃப்-ல் மெமோ இருக்கும் இடத்தில் இருப்பது வெறும் பத்து இலக்க பிளாக் எண். உள்ளடக்கம் அந்த இன்னொரு ஃபைலில் இருக்கிறது. ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் முகவரிச் சீட்டு கையில், வீடு ஊரில்.

மார்ச் 5, இரவு 9:00

அழித்த ரெக்கார்டு பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

டிபிஎஃப்-ல் டெலிட் என்றால் அழிப்பது இல்லை, குறி வைப்பது. ஒவ்வொரு ரெக்கார்டின் முதல் பைட் இதற்கென்றே ஒதுக்கியது. அதில் இடைவெளி இருந்தால் உயிரோடு இருக்கிறது, நட்சத்திரம் இருந்தால் அழித்தது. ஃபீல்டு அகலங்களைக் கூட்டி வரும் தொகையைவிட ரெக்கார்டு நீளம் எப்போதும் ஒன்று அதிகமாக இருப்பது இதனால்தான். குறி வைத்ததை நிஜமாகவே நீக்கும் 'பேக்' கட்டளை கொடுக்கும் வரை அந்த ரெக்கார்டு அங்கேயேதான் கிடக்கும்.

அதே பட்டியலை இன்னொரு முறை, வேறு மென்பொருளுக்கு நகர்த்த கமா பிரித்த டெக்ஸ்ட் ஃபைல் வழியாகக் கொண்டுபோனேன். குறி வைத்தவற்றை மறைக்கும் 'செட் டெலிட்டட்' ஆஃப்-ல் இருந்தது. குறி வைத்த ரெக்கார்டுகளும் டெக்ஸ்டில் எழுதப்பட்டன. டெக்ஸ்ட் ஃபைலில் குறிக்கு இடம் ஏது? மறுபக்கம் எல்லோரும் முழு உயிரோடு எழுந்து வந்தார்கள். "என் பெயரை எடுத்துவிடுங்கள், இனி கூப்பிடாதீர்கள்" என்று சொன்னவர்களைத்தான் நாங்கள் அழித்து வைத்திருந்தோம். அவர்களுக்கே ஃபோன் போனது. ஒருவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. தப்பு அவர்மேல் இல்லை.

எண்ணிக்கை? பொருந்தியது. எத்தனை ரெக்கார்டு என்று சொல்லும் 'ரெக்கவுண்ட்', குறி வைத்ததையும் சேர்த்துத்தான் சொல்லும்.

மார்ச் 5, இரவு 9:45

நேராக டிபிஎஃப்-லிருந்து டிபிஎஃப்-க்கு அப்பெண்ட் ஃபிரம் செய்யும்போதும் இப்படி ஆகுமா என்று கேள்வி. செட் டெலிட்டட் ஆன் என்றால் குறி வைத்தவை வரவே வராது. ஆஃப் என்றால் வரும். கிளிப்பரில் (டிபிஎஃப் கையாளும் இன்னொரு மென்பொருள்) அவை குறியோடு வந்து சேரும். மற்ற மென்பொருளில் மூன்று ரெக்கார்டு போட்டு, ஒன்றைக் குறி வைத்து, ஏற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

மார்ச் 6, காலை 8:10

புது ஃபீல்டு "காலியாக நிற்கும்" என்று முதல் நாள் ஒரு வார்த்தையில் முடித்தேன். அதுவும் அவசரம்.

'இரவில் கூப்பிடலாமா' என்பதை லாஜிக்கல் ஃபீல்டாக வைத்திருந்தேன். ஆம் அல்லது இல்லை, வேறென்ன வேண்டும் என்று. ஏற்றிய மறுநிமிடம் இரண்டாயிரம் பேரும் "இல்லை". அவர்களை யாரும் இன்னும் கேட்கவே இல்லை. ஆனால் காலி லாஜிக்கலை ஃபாக்ஸ்புரோ பொய் என்றுதான் வாசிக்கும். இரவு பத்து மணிக்கு ஆள் தேடியபோது, பட்டியலில் இரவுக்கு ஒருவர்கூட இல்லை என்று திரை சொன்னது.

காலி எண் ஃபீல்டும் அப்படித்தான், பூஜ்யம் என்று வாசிக்கும். எடை என்று புது ஃபீல்டு சேர்த்துச் சராசரி எடுத்தால் எல்லோரும் காற்றில் பறக்கிறவர்கள். உள்ளே டிஸ்க்கில் இடைவெளியும் பூஜ்யமும் வேறு வேறு பைட்தான், எண்ணையே எழுத்தாகத்தான் டிபிஎஃப் வைத்திருக்கிறது. 'இஸ்பிளாங்க்' என்று கேட்டால் ஃபாக்ஸ்புரோ வித்தியாசம் சொல்லும். ஆனால் ரிப்போர்ட் எழுதும் எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள்? தேதி ஃபீல்டு பரவாயில்லை, காலித் தேதி காலியாகவே தெரியும்.

இப்போதெல்லாம் நான் லாஜிக்கல் வைப்பதில்லை. ஓர் இடம் உள்ள எழுத்து ஃபீல்டு, ஏற்றிய கையோடு எல்லாவற்றிலும் கேள்விக்குறி. கேட்டவருக்கு மட்டும் ஆம் அல்லது இல்லை. திரையில் கேள்விக்குறி உறுத்தும். உறுத்தட்டும்.

மார்ச் 6, மாலை 6:30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: ஃபோன் காலி, ஊர் காலி. பெயர் மாற்றிய அதே இரண்டு. கூட வேலை செய்பவர் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாராம்.

அவரிடம் சொல்லுங்கள், லூப் எழுதினாலும் இதே இரண்டை மறக்க முடியும். சரிபார்க்கும் வேலை எந்த வழியில் போனாலும் ஒன்றுதான். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பழையதில் காலி இல்லாதவை எத்தனை, புதியதில் எத்தனை? எண் ஃபீல்டு என்றால் கூட்டுத்தொகை. ரத்தப் பிரிவு மாதிரி சில மதிப்புகளே திரும்பத் திரும்ப வரும் ஃபீல்டு என்றால் எந்த மதிப்பு எத்தனை முறை என்று இரண்டு பக்கமும் பட்டியல். நான் அன்றைக்கு இந்தக் கடைசி ஒன்றை மட்டும் எடுத்திருந்தால், பழைய பக்கம் ஏ1பி+, ஏ1பி− என்று இரண்டு வரி, புதுப் பக்கம் ஏ1பி என்று ஒரு வரி, பளிச்சென்று தெரிந்திருக்கும்.

மார்ச் 8, இரவு 10:20

"இன்னுமா டிபிஎஃப்? எஸ்க்யூஎல்-க்கு வாருங்கள், இந்தத் தொல்லை எதுவும் இல்லை" என்று ஒருவர். வந்தேன். தொல்லையும் கூடவே வந்தது, எதிர்ப்பக்கமாக.

அப்பெண்ட் ஃபிரம் பெயரைப் பார்க்கும். எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில், ஏற்றும் கட்டளையான இன்செர்ட்டோடு 'செலக்ட் நட்சத்திரம்' (எல்லாப் பத்தியும் எடு) போட்டால் அது வரிசையைத்தான் பார்க்கும், பெயரைப் பார்க்காது. புது டேபிளில் பத்தி எண்ணிக்கை கூடியிருந்தால் எஸ்க்யூஎல் வகைச் சிறிய தரவுத்தளமான எஸ்க்யூஎல்லைட் சண்டை போட்டு நிறுத்திவிடும், நல்லது. ஆனால் நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்து இன்னொன்றை எடுத்துவிட்டிருந்தால் எண்ணிக்கை சமம். சந்தோஷமாக ஏற்றும், நடுவில் உள்ளவை ஒவ்வொரு வீடு தள்ளிக் குடியேறும். எஸ்க்யூஎல்லைட் வகை விஷயத்தில் தாராளம் வேறு. எண் பத்தியில் ஊர்ப் பெயரைப் போட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பத்திப் பெயரை எழுதிவிடுங்கள், விரல் தேய்ந்தாலும் பரவாயில்லை.

எஸ்க்யூஎல்லைட்டில் இந்த நகர்த்தல் தவிர்க்க முடியாதது. அதன் ஆல்டர் டேபிள் (டேபிளை மாற்றும் கட்டளை) ரொம்பக் கஞ்சம். பத்தியின் பெயரை மாற்றும் வசதி 2018-ல்தான் வந்தது, பத்தியை நீக்கும் வசதி 2021-ல், 3.35 பதிப்பில். மற்ற மாற்றங்களுக்கு அவர்களே ஆவணத்தில் சொல்லும் வழி: புது டேபிளை வேறு பெயரில் உருவாக்கு, ஏற்று, பழையதை நீக்கு, புதியதற்குப் பழைய பெயரைக் கொடு. இந்த வரிசையை மாற்றி, முதலில் பழைய டேபிளின் பெயரை மாற்றி ஒதுக்கினால், மற்ற டேபிள்களிலிருந்து அதைச் சுட்டுபவை அதன் பின்னாலேயே போய்விடும். பழையதை நீக்கும்போது அதன் இண்டெக்ஸும் (தேடல் வரிசை) டிரிக்கரும் (தானாக ஓடும் கட்டளை) சேர்ந்து போகும், திரும்ப எழுத வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் (இன்னொரு எஸ்க்யூஎல் தரவுத்தளம்) என்றால் வெறும் பத்தி சேர்க்க நகர்த்தலே தேவையில்லை. 2018-ல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து, நிலையான இயல்பு மதிப்போடு பத்தி சேர்த்தாலும் டேபிள் முழுவதையும் திரும்ப எழுதுவதில்லை. நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: பழைய ஐடி எண்களோடு ஏற்றினால் அடுத்த எண்ணை எடுத்துக் கொடுக்கும் சீக்வென்ஸுக்கு அது தெரியாது. முதல் புதுப் பதிவுக்கு ஒன்று என்று எண் கொடுக்கப் பார்க்கும், ஏற்கெனவே இருக்கிறது என்று முட்டும். 'செட்வால்' கொண்டு தள்ளிவிட வேண்டும். நகர்த்தி முடித்து, எல்லாம் சரி என்று அறிவித்துவிட்டுப் போன பிறகு வரும் ஃபோன் பெரும்பாலும் இதுதான்.

மார்ச் 9, காலை 6:50

தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, நேற்று விட்டுப்போனது.

டிபிஎஃப் அகலம் பைட் கணக்கு. பழைய டிஸ்கி (தமிழ் எழுத்துக் குறிமுறை) ஃபைலில் 'திருநாவுக்கரசு' பத்து பைட்டில் அடங்கும். யூனிகோடுக்கு மாற்றி யுடிஎஃப்-8 ஆக எழுதினால் அதே பெயர் 14 குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 42. ஃபீல்டு அகலம் 20 என்று பழையபடியே விட்டிருந்தால் ஆறு குறியீடு முழுதாக ஏறும், ஏழாவதில் இரண்டு பைட் மட்டும். திரையில் 'திருநா', பக்கத்தில் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ. அகலத்தைக் குறைக்காமலேயே வெட்டு விழும் வழி இது. பழைய அகலத்தை நான்கால் பெருக்கி வைத்துக்கொள்கிறேன், பழைய அகலம் முழுக்க நிரம்பிய பெயருக்கு அதுவும் போதாமல் போகலாம். எழுத்து ஃபீல்டு ஃபாக்ஸ்புரோவில் 254-ல் நின்றுவிடும், அதற்கு மேல் மெமோதான். போஸ்ட்கிரெஸில் வார்கார் (எழுத்துப் பத்தி) அகலம் பைட்டில் இல்லை, குறியீட்டுக் கணக்கில். அங்கே 14 என்றால் 14.

மார்ச் 11, இரவு 8:40

கேள்வி கேட்டவரின் இப்போதைய நிலைமை: காலியான இரண்டு பத்தியையும் நிரப்ப வேண்டும், ஆனால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற முடியாது, புது ஃபைலில் ஒரு வாரமாகப் பதிவு நடக்கிறது. "ரெக்கார்டு எண் இரண்டிலும் ஒன்றுதானே, அதை வைத்துப் பொருத்தலாமா?"

கூடாது. இடையில் ஒரு பேக் நடந்திருந்தாலே அதற்குக் கீழே உள்ள எல்லா எண்ணும் நகர்ந்திருக்கும். செட் டெலிட்டட் ஆன்-ல் ஏற்றியிருந்தால் முதல் நாளிலிருந்தே எண் பொருந்தாது. ஒருவர் ஃபோன் இன்னொருவருக்கு ஏறும். காலியாக இருப்பதே மேல்.

உறுப்பினர் எண் இருக்கிறது என்றால் அதுதான் வழி. பழைய ஃபைலை இன்னொரு ஒர்க் ஏரியாவில் திறந்து, உறுப்பினர் எண்ணில் இண்டெக்ஸ் போட்டு, புதியதிலிருந்து அதற்கு இணைப்பு, அதாவது 'செட் ரிலேஷன்'. பிறகு எல்லா ரெக்கார்டிலும் மதிப்பை நிரப்பும் ரீப்ளேஸ் ஆல், இரண்டு நிபந்தனையோடு: பழையதில் ஆள் கிடைத்திருக்க வேண்டும், புதியதில் மொபைல் காலியாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் இந்த வாரம் கையால் திருத்திய எண்கள் மேல் பழைய எண் ஏறிவிடும். அதற்கு முன், பழையதில் ஒரே உறுப்பினர் எண் இரண்டு பேருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரிலேஷன் முதலில் கிடைப்பவரையே எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் காப்பி ஒன்றின் மேல். வேறு பெயர், வேறு ஃபோல்டர்.

மார்ச் 12, காலை 9:15

நிரம்பிவிட்டதாம். ஒரே எண்ணோடு நான்கு ஜோடி இருந்ததாம், அவற்றைக் கையால் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது அந்தக் கூட வேலை செய்பவர்.

அந்த 23 பேர் என்ன ஆனார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். காகிதப் படிவத்தில் 15 கிடைத்தது. ஏழு பேரை ஃபோனில் கேட்டு எழுதினோம். ஒருவர் எண் மாறிவிட்டது, படிவமும் இல்லை. அவருடைய ரெக்கார்டில் ஏ1பி என்றுதான் இன்னும் இருக்கிறது, பக்கத்தில் நான் போட்ட கேள்விக்குறியோடு.